கேட் மீட்டிங்: வாசகர் கேள்வி பதில்

பெங்களூரு பீன்யாவில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் 1982இல் டர்னராகச் சேர்ந்து 2018இல் ஓய்வு பெற்றவன் நான். ஐந்து சம்பள ஒப்பந்தங்களில் யூனியன் பக்கம் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். சம்பளப் பேச்சுவார்த்தை பற்றி எழுதுங்கள் என்று சென்ற இதழில் அறிவித்த பிறகு வந்த கடிதங்களில் ஆறை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்கே நிறைய இடம் போய்விட்டது. அதில் இருக்கும் விஷயம் அப்படி.

எனக்கு 34 வயது. பீன்யா இரண்டாவது ஸ்டேஜில் சி.என்.சி. ஆபரேட்டர். இந்த முறைதான் முதன்முதலாக யூனியன் கமிட்டிக்கு ஜெயித்தேன். பழைய ஒப்பந்தம் மார்ச்சில் முடிந்துவிட்டது. நான்கு வருட ஒப்பந்தத்தில் மாதச் சம்பளத்தை மொத்தம் 9,000 ரூபாய் உயர்த்தும் பேக்கேஜ் என்கிறது மேனேஜ்மென்ட். பக்கத்துக் கம்பெனியில் 8,500தான் கொடுத்தார்கள். ஒப்புக்கொள்ளலாமா அண்ணா?

தம்பி, 9,000 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இது நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த 9,000 எப்போது வருகிறது, எந்தத் தலைப்பில் வருகிறது, அதற்குள் எதையெல்லாம் அடைத்திருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் எப்போது என்பதைப் பாருங்கள். முதல் வருடம் பாதி, அடுத்து 20 சதவீதம், பிறகு 15, 15 என்று பிரித்தால் முதல் வருடம் மாதம் 4,500 கூடும். இரண்டாம் வருடம் 6,300, மூன்றாம் வருடம் 7,650, கடைசி வருடம்தான் முழு 9,000. நான்கு வருடத்தில் ஒருவர் கைக்கு வரும் மொத்தம் 3,29,400 ரூபாய். அதே 9,000ஐ 70, 10, 10, 10 என்று பிரித்தால் 3,67,200 வரும். வித்தியாசம் 37,800. நோட்டீஸ் போர்டில் இரண்டும் ஒரே 9,000தான். எங்கள் காலத்தில் எத்தனையோ கமிட்டிகள் கடைசி 500 ரூபாய்க்காக விடிய விடியப் பேசிவிட்டு, இந்தப் பிரிப்பை ஐந்து நிமிஷத்தில் விட்டுக்கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, எந்தத் தலைப்பில் என்பது. முதல் வருடத்து 4,500இல் பேஸிக்கில், அதாவது அடிப்படைச் சம்பளத்தில், 1,500தான் சேர்கிறது, மீதி எல்லாம் அலவன்ஸ் என்றால் விடாதீர்கள். பேஸிக்கில் இன்னும் 1,500 சேர்க்கச் சொல்லுங்கள். அந்த 1,500 என்ன செய்யும் தெரியுமா? 20 வருட சர்வீஸ் உள்ளவருக்குக் கிராஜுவிட்டியில் மட்டும் 17,300 ரூபாய் கூடும். (1,500ஐ 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, 20ஆல் பெருக்கிப் பாருங்கள்.) பேஸிக் முழுவதற்கும் பி.எஃப். கட்டும் கம்பெனியாக இருந்தால், கம்பெனி பங்காக மாதம் 180 ரூபாய் கூடச் சேரும். ஓவர்டைம் இரட்டிப்பு என்பதால் மணிக்கு 14 ரூபாய்க்கு மேல் ஏறும். அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியையும் சம்பளமாகவே கணக்கிட வேண்டும் என்று இப்போது சட்டமும் சொல்கிறது. ஆகவே உங்கள் ஸ்லிப்பை எடுத்து வைத்து அந்தக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, விலைவாசிக்கு ஏற்ப ஏறும் பஞ்சப்படி அந்த 9,000க்குள் அடக்கமா என்று கேளுங்கள். அடக்கம் என்றால் விலைவாசி ஏற ஏற உங்கள் உயர்வை அதுவே தின்றுவிடும். கம்பெனியின் பி.எஃப். பங்கு, போனஸ், கேண்டீன் செலவு, பஸ் செலவு எல்லாவற்றையும் கூட்டித்தான் 9,000 என்கிறார்களா என்றும் கேளுங்கள். பதிலை வாயால் வாங்காதீர்கள், பேப்பரில் வாங்குங்கள். பக்கத்துக் கம்பெனியின் 8,500ஐயும் இப்படிப் பிரித்துப் பார்த்த பிறகுதான் ஒப்பிட முடியும். அந்த யூனியன்காரர்களிடம் போய் நகல் கேளுங்கள். கொடுப்பார்கள். பீன்யாவில் அது பழைய வழக்கம்.

ஒப்பந்தம் எந்தத் தேதியிலிருந்து அமலாகிறது என்பதிலும் கவனம் வேண்டும். பேச்சை ஒரு வருடம் இழுத்துவிட்டு, அரியர்ஸுக்குப் பதிலாக ஒரு தொகை தருகிறோம் என்பார்கள். அந்தத் தொகை கணக்குப்படி வர வேண்டியதில் பாதிகூட இருக்காது. ஏப்ரல் 1 என்றால் ஏப்ரல் 1தான்.

இனி நான் சொல்லப்போவது என் கதை. 1998 ஒப்பந்தம். கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் ராத்திரி பதினொன்றரைக்குக் கையெழுத்துப் போட்டோம். நாங்கள் கேட்டதில் பெரும்பகுதி வந்துவிட்டது என்ற சந்தோஷம். ஒப்பந்தம் முழுவதும் இங்கிலீஷில், 22 பக்கம். அதில், புதிதாக வரும் மெஷின்களுக்கு உற்பத்தி அளவை நிர்வாகம் நிர்ணயிக்கும், தொழிலாளர்கள் ஒத்துழைப்பார்கள் என்று ஒரு வரி இருந்தது. நான் அதைப் படித்தேன். அதன் அர்த்தம் அன்று எனக்கு உறைக்கவில்லை. மூன்று மாதத்தில் புது மெஷின் வந்தது. ஒரு ஷிஃப்ட்டுக்கு 70 பீஸ் அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு 96 என்று அளவு வைத்தார்கள். நாங்கள் வாங்கிக் கொடுத்த உயர்வு, அளவுக்கு மேல் அடித்ததற்குக் கிடைத்த இன்சென்டிவ் போனதில் கரைந்துவிட்டது. குடியாத்தத்துக்காரர் ஒருவர், என்னைவிட மூத்தவர், ஒப்பந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு என் மெஷின் பக்கம் வந்தார். “தம்பி, இந்த வரியை அன்னைக்கே எங்ககிட்ட படிச்சுக் காட்டியிருந்தா, வேண்டாம்னு சொல்லியிருப்போமே” என்றார். அவர் கோபப்படவில்லை. அதனால்தான் அது இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை. மெஷினில் நிற்பவருக்கு அந்த ஒரு வரி பார்த்ததும் புரிந்திருக்கும். கமிட்டி ஏழு பேருக்கும் புரியவில்லை.

அதற்குப் பிறகு நான் இருந்த எந்த ஒப்பந்தத்திலும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டதில்லை. வரைவை வாங்கிக்கொண்டு வெளியே வருவோம். மறுநாள் கேட்டில் ஷரத்து ஷரத்தாகப் படிப்போம், முதலில் கன்னடத்தில், பிறகு தமிழில், பிறகு இந்தியில். தெலுங்குக்காரர்களுக்கு ஒருவர் தனியாகச் சொல்லுவார். இரண்டு ஷிஃப்ட்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம் ஆகும். 2006இல் அப்படிப் படித்தபோதுதான் ஹீட் ட்ரீட்மென்ட் செக்‌ஷனிலிருந்து ஒருவர் கை தூக்கி, ஷூவும் கிளவுஸும் ‘தேவைக்கேற்ப’ என்று இருக்கிறதே, யாருடைய தேவை என்று கேட்டார். அது வருடத்துக்கு இத்தனை ஜோடி என்று மாறியது. இன்றே கையெழுத்துப் போடாவிட்டால் ஆஃபர் வாபஸ் என்று மிரட்டுவார்கள். ஐந்து தடவையில் மூன்று தடவை எங்களுக்கும் சொன்னார்கள். ஒரு தடவைகூட வாபஸ் ஆகவில்லை.

மேஜையில் ஒருவர் பேசட்டும், ஒருவர் எழுதட்டும். கமிட்டிக்குள் கருத்து வேறுபட்டால் அங்கேயே காட்டிக்கொள்ளாதீர்கள். பத்து நிமிஷம் வெளியே போய்ப் பேசிவிட்டு வருகிறோம் என்று எழுந்திருங்கள். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

நாங்கள் 140 நிரந்தரத் தொழிலாளர்கள். 300 பேருக்கு மேல் காண்ட்ராக்ட். அவர்கள் எங்கள் யூனியன் மெம்பர்கள் இல்லை, பாதிப் பேர் ஒடிஷா, பீகார் பையன்கள். கோரிக்கைப் பட்டியலில் அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நம் பங்கு குறைந்துவிடாதா? (தாசரஹள்ளி வாசகர்)

சேருங்கள் ஐயா. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. மேனேஜ்மென்ட்டும் அதையேதான் சொல்லும், ‘அவர்களுக்குக் கொடுத்தால் உங்களுக்குக் குறையும்’ என்று. ஆனால் உங்கள் ஆலையில் உற்பத்தி யார் கையில் இருக்கிறது? நீங்கள் 140 பேர் வெளியே நின்றால், அந்த 300 பேரை வைத்து மெஷினை ஓட்டிவிடலாம் என்ற தைரியத்தில்தான் அவர்கள் உங்களிடம் பேசுகிறார்கள். நிரந்தரத் தொழிலாளி ஒருவர் ரிட்டயர் ஆகும்போது அந்த இடத்துக்குக் காண்ட்ராக்ட் ஆள்தான் வருகிறார். அடுத்த ஒப்பந்தத்தில் நீங்கள் 110 பேராக இருப்பீர்கள்.

எடுத்த எடுப்பில் சமச் சம்பளம் வந்துவிடாது. கேண்டீனிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரே சாப்பாடு, ஒரே விலை, ஒரே வரிசை. பிறகு ஷூ, யூனிஃபார்ம், இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்ற சரிபார்ப்பு. காலியிடம் வந்தால் உள்ளே வேலை பார்க்கும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு முதல் உரிமை என்று ஒரு ஷரத்து.

ஒடிஷா, பீகார் என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். நான் இந்த ஊருக்கு ரயிலேறி வந்த தமிழன். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து தமிழர்கள் வெளியே போகப் பயந்து நின்றோம். எங்கள் செக்‌ஷன் கன்னடத் தோழர்கள் எட்டுப் பேர் எங்களை நடுவில் விட்டு, சுற்றி நடந்து, ஸ்ரீராமபுரம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். அந்த எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு வீடு எதிர்த் திசையில். யூனியன் என்றால் எனக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அந்த ராத்திரிதான். அந்தப் பையன்களுக்கும் இந்த ஊரில் யாராவது அப்படி நடந்து வர வேண்டும்.

பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் டெய்லர். எங்களுக்கு யூனியன் கிடையாது. டார்கெட் ஏறிக்கொண்டே போகிறது, சூப்பர்வைசர் வாயில் வந்ததைப் பேசுகிறார், பாத்ரூம் போனால் நேரம் குறிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை 12 பேர் கூடிப் பேசுகிறோம். எங்கே ஆரம்பிப்பது அண்ணா?

ஆரம்பித்துவிட்டீர்கள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை 12 பேர் கூடுவதுதான் ஆரம்பம். யூனியனைப் பதிவு செய்ய ஏழு பேர் கையெழுத்துப் போட்டு விண்ணப்பிக்கலாம். கூடவே, வேலை செய்பவர்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை மெம்பர்கள் வேண்டும். ஏற்கெனவே கார்மென்ட்ஸ் பெண்களுக்காக வேலை செய்யும் யூனியன்கள் பெங்களூருவில் இருக்கின்றன. அவற்றோடு சேருவது உங்களுக்குப் பாதுகாப்பு.

பாத்ரூம், குடிதண்ணீர், குழந்தைகள் காப்பகம், இதற்கெல்லாம் யாரிடமும் பேரம் பேச வேண்டியதில்லை. சட்டம் கொடுத்திருப்பது. ஒவ்வொரு நாளும் எந்த லைனில் எத்தனை பீஸ் டார்கெட், எத்தனை பேர் இருந்தார்கள், சூப்பர்வைசர் என்ன வார்த்தை சொன்னார் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று மாத நோட்டு இருந்தால் எந்த எச்.ஆர்.க்கும் முன்னால் தலை நிமிர்ந்து உட்காரலாம். மனுவைப் பல பேர் கையெழுத்தோடு கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பன்னேர்கட்டா ரோட்டில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவனுக்குப் போங்கள், அதே நகலோடு.

பஞ்சப்படியையும் விடாதீர்கள். கர்நாடகத்தில் ஏப்ரலில் அது மாறும். 2020 ஏப்ரலில் மாதம் 417 ரூபாய் சொச்சம் ஏற வேண்டியிருந்தது. கொரோனாவைக் காட்டி அரசு தள்ளிவைத்தது. ஹைகோர்ட் தலையிட்ட பிறகும் பல ஃபேக்டரிகள் அதைக் கொடுக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. யூனியன்கள் விடாமல் துரத்தியதால்தான் அரியர்ஸ் வந்தது.

உங்கள் ஏரியாவுக்கே ஒரு சரித்திரம் இருக்கிறது. 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில், பி.எஃப். பணத்தில் கம்பெனி பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்ற விதியை எதிர்த்து ஓசூர் ரோட்டை அடைத்தவர்கள் கார்மென்ட்ஸ் பெண்கள்தான். இரண்டாம் நாளே மத்திய அரசு அந்த விதியை வாபஸ் வாங்கியது. தடியடியும் கேஸும் அவர்கள்மேல்தான் விழுந்தது, அதையும் மறக்கக் கூடாது. அன்று ரோட்டில் நின்றவர்கள் உங்கள் லைனிலேயே இருப்பார்கள். தேடிப் பாருங்கள்.

இந்தக் காலத்தில் ஸ்ட்ரைக் செய்து என்ன கிடைக்கும்? (பங்காருப்பேட்டை வாசகர்)

1980 டிசம்பர் கடைசியில் எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி. முதலான பெங்களூரு பொதுத்துறை ஆலைகளில் ஸ்ட்ரைக் தொடங்கி 77 நாள் நடந்தது. எனக்கு அப்போது 20 வயது, மாமா வீட்டில் தங்கியிருந்தேன். அவர் ஸ்ட்ரைக்கில் இருந்தார். இரண்டாம் மாதம் அத்தை தாலியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போயிற்று. கேட்டது முழுதாக வரவில்லை. அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனாலும் மாமா கடைசிவரை அதற்காக வருத்தப்பட்டதில்லை.

என் அனுபவத்தில், ஸ்ட்ரைக் செய்ய முடியும் என்ற நிலையில் யூனியன் இருந்தால் பெரும்பாலும் ஸ்ட்ரைக் தேவைப்படுவதில்லை. ஐந்து ஒப்பந்தங்களில் ஒன்றுக்குத்தான் நாங்கள் வெளியே நின்றோம், 19 நாள். இப்போது சட்டமும் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. எந்தத் தொழிற்சாலையாக இருந்தாலும் 14 நாள் நோட்டீஸ் வேண்டும். லேபர் ஆபீசில் சமரசப் பேச்சு நடக்கும்போது ஸ்ட்ரைக் கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் கேஷுவல் லீவ் போட்டால் அதுவும் ஸ்ட்ரைக்தான். அவசரப்பட்டு வெளியே வந்தால் சட்டவிரோதம் என்று முத்திரை குத்திச் சம்பளம் பிடிப்பார்கள். எனக்கு இந்தச் சட்டம் பிடிக்கவில்லை, தொழிலாளியின் கையைக் கட்டுகிறது. இருந்தாலும் இருக்கிற சட்டத்தைத் தெரிந்துகொண்டுதான் அடியெடுத்து வைக்க வேண்டும்.

ஒயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் வேலை. எங்களுக்கும் யூனியன் வைக்க உரிமை உண்டா?

உண்டு. கர்நாடகத்தில் ஐ.டி. ஊழியர்களுக்கான யூனியன் 2017இலேயே பதிவாகிவிட்டது, கே.ஐ.டி.யு. என்பார்கள். விசாரித்துப் போய்ச் சேருங்கள். மேனேஜர் என்று விசிட்டிங் கார்டில் போட்டுவிட்டால் மட்டும் ஒருவர் மேனேஜர் ஆகிவிடமாட்டார், அவர் உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதைத்தான் கோர்ட் பார்க்கும்.

என் கணவர் யூனியன் கமிட்டியில் இருக்கிறார். பேச்சுவார்த்தை ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் சரியாகப் பேசுவதில்லை. வேலையைவிட்டு எடுத்துவிடுவார்களோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. இரண்டு பெண் குழந்தைகள். (லிங்கராஜபுரம் வாசகி)

தங்கச்சி, பயப்படாதே என்று வெறுமனே சொல்லமாட்டேன். 1994இல் என்னை சஸ்பெண்ட் செய்தார்கள், ஏழு மாதம். மேலதிகாரியைத் தரக்குறைவாகப் பேசினேன் என்று குற்றச்சாட்டு. விசாரணையில் அது நிற்கவில்லை.

அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட தொழிலாளர் பட்டியலில் அவர் பெயரைச் சங்கம் எழுத்தில் கொடுத்திருக்கிறதா? அந்தப் பெயர் இருந்தால், தாவா, அதாவது தொழில் தகராறு வழக்கு, நடக்கும் காலத்தில் அதை விசாரிக்கும் அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் அவரை வேலையைவிட்டு நீக்க முடியாது. இரண்டாவது, எந்த மெமோ வந்தாலும் தனியாகப் பதில் எழுதிக் கொடுக்கக் கூடாது, யூனியனிடம் காட்டித்தான் எழுத வேண்டும். சஸ்பெண்ட் ஆனாலும் வருமானம் முழுக்க நின்றுவிடாது. முதல் 90 நாள் பாதிச் சம்பளம், விசாரணை அவரால் தாமதமாகவில்லை என்றால் அதற்கு மேல் முக்கால் சம்பளம் பிழைப்புப்படியாகக் கொடுக்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பள ஸ்லிப், மெமோ எல்லாவற்றுக்கும் ஒரு செட் ஜெராக்ஸ் உங்கள் கையில் இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அந்த ஏழு மாதமும் வீட்டில் தையல் மெஷின் போட்டு எங்களைக் காப்பாற்றியவள் அவள். ஆனால் அவள் சொன்னது அதைப் பற்றி இல்லை. சஸ்பெண்ட் ஆன முதல் நான்கு நாள் நான் அவளிடம் சொல்லவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பி, மல்லேஸ்வரம் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். ஐந்தாம் நாள் தண்ணீர்க் குழாயில் பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. “வேலை போனதுகூட எனக்குப் பெரிசில்லை, அந்த நாலு நாள்தான் இன்னும் வலிக்குது. அவர் எத்தனை மணிக்கு வந்தாலும் இன்னைக்கு என்ன நடந்ததுன்னு கேட்கச் சொல்லுங்க. அவர் சொல்லலைன்னா மறுபடியும் கேட்கச் சொல்லுங்க” என்றாள். உங்கள் கணவரும் இந்தப் பக்கத்தைப் படிக்கட்டும்.